ரோமில் மூன்று பெண்கள் எங்கே தங்குவது?

பாதோவா, இத்தாலி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு என் மாமியாரின் முழங்கால்தான் காரணம், அந்தக் கதையை அடுத்த தடவை எழுதுகிறேன். முதலில் நீ கேட்டது, பிள்ளைகள் இத்தாலிக்கு வந்தால் எங்கே தங்குவது என்று. விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள், அது இல்லாமல் விண்ணப்பம் நகராது, அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

உன் சின்னவளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் செப்டம்பரில் வருகிறார்கள் என்று படித்ததும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த கோமதி, வார்டனுக்கு என்னென்ன பெயர் வைத்தாள் என்று எனக்குத் தெரியும், அவள் இப்போது "நேரத்துக்குக் கேட் பூட்டுகிற இடமாப் பாரு, கன்னியர் மடமா இருந்தா ரொம்ப நல்லது" என்று எழுதுகிறாள். ஏட்டி, நீயா இது?

சரி, கன்னியர் மடத்துக்கே வருகிறேன். நீ விளையாட்டாக எழுதினாயோ என்னவோ, ரோமில் அது நிஜமாகவே ஒரு வழி. பல மடங்கள் தங்கள் கட்டடத்தில் ஒரு பகுதியை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன, 'காசா பெர் ஃபேரியே', அதாவது விடுமுறை வீடு, என்று பலகை இருக்கும். யாத்திரிகர்களுக்கு இடம் கொடுத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. பியாஸ்ஸா ஃபர்னேசே என்ற சதுக்கத்தில் புனித பிரிஜித்தாவின் வீடு இருக்கிறது. 1350-ல் ரோமில் கொண்டாடிய ஜூபிலி புனித ஆண்டை ஒட்டி ஸ்வீடனிலிருந்து வந்த விதவை அவர், 1373-ல் இறக்கும்வரை ரோமையே ஊராக்கிக்கொண்டார். பின்னால் வந்து சேர்ந்த மகள் கத்தரினா ரொம்ப அழகாம், ரோம் தெருக்களை நம்பி அவளை வெளியே விட அம்மாவுக்குத் துணிவில்லை, தான் கோயில் கோயிலாகச் சுற்றப் போகும்போது மகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போவாராம். 650 வருஷத்துக்கு முன்னாலேயே உனக்கு ரோமில் ஒரு துணை இருந்திருக்கிறது பார். அந்த வீட்டில் இன்றைக்கும் பிரிஜித்தா சபைச் சகோதரிகள் விருந்தினர்களைத் தங்க வைக்கிறார்கள். ஆனால் வாடகை நம் பிள்ளைகளின் கைக்கு எட்டாது.

எட்டுகிறவை வத்திக்கானுக்குப் பக்கத்தில் பிராத்தி பகுதியில் இருக்கின்றன. குடியிருப்புத் தெருக்கள், ராத்திரி பத்து மணிக்கும் யாராவது நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள், மெட்ரோ பக்கத்திலேயே. போன வருஷம் என் நாத்தனார் மகளுக்காக விசாரித்தபோது மூன்று கட்டில் போட்ட அறைக்குத் தலைக்கு நாற்பது யூரோவை ஒட்டிச் சொன்னார்கள். ஹாஸ்டலில் எட்டுப் பேர் படுக்கிற அறையிலேயே ஒரு கட்டிலுக்கு அதே அளவு கேட்கிற மாதம் அது. மடத்து அறையில் ஒரு சிலுவை, கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, ஒரு மேசை, அவ்வளவுதான். டிவி இருக்காது. "நாங்க சைவம், விடுவாங்களா" என்று கேட்டிருக்கிறாய். மதம் எதுவென்று யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் கறி வேண்டாம், மீன் வேண்டாம், ஹாம் என்கிற பன்றிக்கறி வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல், ஹாமைக் கறிக் கணக்கில் சேர்க்காதவர்கள் இங்கே உண்டு.

ஆனால் கேட்! பல மடங்களில் ராத்திரி பதினொன்றுக்கு மூடிவிடுவார்கள், சில இடங்களில் பத்தரைக்கே. இங்கே ராத்திரிச் சாப்பாடே எட்டுக்கு மேல்தான் ஆரம்பம். நானும் என் தங்கையும் ஒரு தடவை புளோரன்ஸில் மாட்டிக்கொண்டோம். ரயில் தாமதம், ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு கல் பாவிய தெருவில் தடதடவென்று ஓடி மடத்து வாசலுக்குப் போனபோது மணி பதினொன்று பத்து. மணியை அடித்தோம். அடித்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ரொம்ப தூரத்தில் ஒரு கதவு, அப்புறம் செருப்புச் சத்தம், அப்புறம் தாழ்ப்பாள். இரவு உடைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு வயதான சகோதரி, ஒரு வார்த்தை பேசவில்லை, இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார், வழிவிட்டார். காலையில் அதே சகோதரிதான் காபி ஊற்றினார், கொல்லம் பக்கத்துக்காரராம், முப்பது வருஷமாக இத்தாலியில் இருக்கிறாராம். "திருநெல்வேலியா?" என்று கேட்டுவிட்டு என் தங்கைக்கு மட்டும் இரண்டாவது ரொட்டி வைத்தார். எனக்கு வைக்கவில்லை. மணியை அடித்தவள் நான்தான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது போல.

அதனால்தான் சொல்கிறேன், எல்லா ஊரிலும் மடம் வேண்டாம். ரோமில் மூன்று ராத்திரி மடத்தில் இருக்கட்டும், புளோரன்ஸில் ஹாஸ்டல் எடுக்கட்டும். பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்காமல் பதினோரு மணிக்குத் திரும்பி வா என்றால் அது பாவம் கோமதி. நல்ல ஹாஸ்டல்களில் பெண்களுக்கு மட்டுமான அறை தனியாக உண்டு, முன்பதிவு செய்யும்போது 'காமெரா ஃபெம்மினீலே' என்று இருக்கிறதா பார்க்கச் சொல். சொந்தப் பூட்டு ஒன்று கையில் இருக்கட்டும், லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது.

அறை எப்படி என்று எல்லோரும் படத்தைப் பார்க்கிறார்கள், நான் வாசலைத்தான் பார்ப்பேன். ராத்திரி அந்த வாசலில் ஆள் உண்டா, பஸ்ஸோ மெட்ரோவோ இறங்கி அந்த வாசலுக்கு எத்தனை நிமிஷம், வழியில் கடைகள் திறந்திருக்குமா என்று மூன்று கேள்வியை மின்னஞ்சலில் கேட்டால் போதும். வாடகை வீடு என்றால் இன்னும் கவனம். இங்கே வாசல் மணிப் பலகையில் கதவு எண் பெரும்பாலும் இருக்காது, குடும்பப் பெயர்கள்தான், எந்தப் பெயரை அழுத்துவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அழுத்தினால் மேலே வீட்டுக்குள்ளிருந்து ஒரு பொத்தானைத் தட்டுவார்கள், பூட்டு 'டடக்' என்று விடுபடும், அந்த நொடியிலேயே தள்ள வேண்டும். உள்ளே மாடிப்படி விளக்கு ஒன்றிரண்டு நிமிஷம்தான் எரியும், சரியாக இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே பெட்டியோடு நிற்கும்போது அணையும். பயப்பட ஒன்றுமில்லை, சுவரில் சின்னதாக மினுக்குகிற பொத்தானை அழுத்தினால் மறுபடி எரியும். எனக்கு முதல் தடவை இது தெரியாமல் கந்த சஷ்டி கவசம் பாதி முடிந்துவிட்டது.

பாஸ்போர்ட்டைக் கேட்டால் தயங்க வேண்டாம் என்று உன் மகளிடம் சொல். யார் தங்கினாலும் அவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். கேட்காத இடம்தான் சந்தேகத்துக்குரியது. இன்னொன்று, 2025 தொடக்கத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேசிய அடையாள எண் கட்டாயம், IT என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும், விளம்பரத்திலும் இருக்க வேண்டும், வாசலிலும் ஒட்டியிருக்க வேண்டும். எண் இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு போகலாம். என் அக்கா மகள் படிக்க வந்த வருஷம், படத்தில் பால்கனியும் பூந்தொட்டியுமாக ஒரு வீடு, வீட்டுக்காரர் "முன்பதிவு இணையதளத்துக்குக் கமிஷன் எதற்கு, என் கணக்கிலேயே போட்டுவிடு" என்றார், போட்டாள். வந்து பார்த்தால் அந்த முகவரியில் மருந்துக்கடை. வாசலில் நின்று அழுதவளுக்கு மருந்துக்கடைக்காரம்மா தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே ஒரு மடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். பணம் திரும்பவில்லை. ஊர் வரி என்று ஒன்றைத் தலைக்கு, ராத்திரிக்கு இத்தனை என்று தனியாக வாங்குவார்கள், அது மோசடி இல்லை, அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ரோமில் தெர்மினி ஸ்டேஷனைச் சுற்றி மலிவான அறைகள் நிறைய. பகலில் ஒன்றும் இல்லை. ஆனால் நடுராத்திரி ரயிலில் வந்து இறங்கி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டாம். நேப்பிள்ஸிலும் அப்படித்தான், ஸ்டேஷன் எதிரிலேயே எடுக்காமல் கொஞ்சம் தள்ளி எடுக்கட்டும். புது ஊருக்குள் வெளிச்சத்தில் நுழைகிற மாதிரி ரயிலைப் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். மிலான் போவதாக இருந்தால் செப்டம்பர் கடைசி வாரத்தை விட்டுவிடச் சொல், ஃபேஷன் வாரம், அறை விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆபத்து என்றால் 112. யாராவது பின்தொடர்ந்தாலோ தொந்தரவு செய்தாலோ பெண்களுக்கென்றே 1522 இருக்கிறது, 24 மணி நேரமும், காசு கிடையாது, ஆங்கிலத்திலும் பேசுவார்கள். இரண்டையும் போனில் போட்டுவிடு, அவள் போடமாட்டாள்.

வெனிஸுக்கு அறையே வேண்டாம். என் வீடு இருக்கிறதே, ரயிலில் அரை மணி. நம் ஊர்ச் சர்ச்சில் பதுவை அந்தோணியார் என்பார்களே, அந்தப் பதுவைதான் இந்தப் பாதோவா. என்ன, என் வீட்டில் தங்கினாலும் 48 மணி நேரத்துக்குள் நான் போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் சட்டம்தான். ஒரு நாள் நானே அவர்களை வெனிஸில் ஜூதேக்கா தீவுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அங்கே ஒரு படகுத் துறைக்கு 'ஜிதெல்லே' என்று பெயர், கல்யாணமாகாத பெண்கள் என்று அர்த்தம். 16-ஆம் நூற்றாண்டில் வரதட்சிணை கொடுக்க வழியில்லாத ஏழைப் பெண்கள், அதிலும் அழகானவர்களாகப் பார்த்து, ஊர் அவர்களைச் சீரழித்துவிடும் என்று பயந்து ஒரு விடுதியில் வைத்துக் காப்பாற்றினார்கள். லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இல்லத்தோடு சேர்ந்த கோயில் இன்னும் அப்படியே நிற்கிறது. இல்லம் பின்னாளில் ஆடம்பர ஹோட்டலானது, அங்கே ஒரு ராத்திரி வாடகையில் உன் மகள் ஒரு வாரம் இத்தாலியைச் சுற்றிவிடலாம். கொஞ்சம் நடந்தால் அதே கரையில் பழைய தானியக் கிடங்கில் ஒரு ஹாஸ்டல், வாசலில் எப்போதும் பெண் பிள்ளைகள் முதுகுப்பையோடு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

விசாவுக்கு ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகவே எல்லாவற்றையும் போடச் சொல். ரோம் மடத்துக்கு நானே இத்தாலியனில் எழுதுகிறேன், அவர்கள் பதில் போட ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள், நீ அதற்குள் எனக்கு நான்கு தடவை போன் போடாதே. மூன்று பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதி அனுப்பு, இனிஷியல் குழப்பம் இங்கே பெரிய தலைவலி, என் பெயரே ஒரு ஆபீஸில் ஒரு மாதிரி இருக்கிறது. அப்புறம், ரயில் நேரம் தெரிந்தவுடன் சொல், பிளாட்பாரத்தில் நிற்பேன். அல்வா வேண்டாம், போன தடவை எண்ணெய் கசிந்து பெட்டி பூரா நாறியது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு கிலோ கொடுத்துவிடு.

அன்புடன்,
செல்வி