ஐம்பதாயிரம் மைலில் நின்றுபோன கார்கள்

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். பொருளியல் முதுகலை முடிக்கப்போகும் உன் மாணவி, தரவு அறிவியலுக்குப் போவதா மக்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் நடத்தைப் பொருளியல் ஆய்வுக்குப் போவதா என்று குழம்புவதாக எழுதியிருந்தாய். இரண்டிலும் கிடந்து உழன்றவன் சொல்கிறேன்: அன்றாட வேலை இரண்டிலும் ஒன்றுதான். யாரோ சேகரித்த தரவைச் சந்தேகத்தோடு பார்ப்பதே அது.

சென்ற ஆண்டு, நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் கடன் தவணையை மக்கள் உரிய நாளில் கட்டுகிறார்களா என்று ஒரு சோதனை நடத்தினோம். பலனில்லை என்று அறிக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு பட்டியலை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான், ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருமுறை பதிவாகி, செய்தி பெறும் குழுவிலும் பெறாத குழுவிலும் இருப்பது தெரிந்தது. அப்படிப் பலர். நாம் மாய்ந்து மாய்ந்து படித்த ரெக்ரஷன் போன்ற புள்ளியியல் கணக்கு எதுவும் இதைக் காட்டிக் கொடுத்திருக்காது.

படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தைத் தலைப்பிலேயே வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-இல் வெளியான கட்டுரை உனக்கு நினைவிருக்கும். நானே எத்தனையோ கூட்டங்களில் அதை எடுத்துக்காட்டியிருக்கிறேன். அதில் வந்த கார் காப்பீட்டுத் தரவை ஒரு சாதாரணப் பட்டை வரைபடமாகப் போட்டுப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். கார் ஓட்டிய தூரம் என்றால் நடுவில் குவிந்து ஓரங்களில் மெலிய வேண்டும். இதிலோ 0 முதல் 50,000 மைல் வரை மேசைப்பலகை போல் தட்டையாக ஓடி, அங்கே சட்டென நின்றுவிட்டது. இட்டுக்கட்டிய எண்கள்தான் அப்படி ஓடும். 2021-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

நேர்மையான தரவிலும் ஏமாற்றம் உண்டு. டெல்லாவிக்னா, லினோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, ஆய்விதழ்களில் வந்த 'நட்ஜ்' (கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தூண்டிவிடும் உத்தி) சோதனைகளின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவில் அரசுகளோடு சேர்ந்து பெருந்திரளான மக்களிடம் நடத்திய 126 சோதனைகளில் அது 1.4 மட்டுமே. பலன் தந்தவையே இதழில் ஏறுவதுதான் இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம். என்னைக் கேட்டால், ஒரு குறுஞ்செய்தியின் செலவுக்கு 1.4 மோசமில்லை. ஆனால் 8.7-ஐ எதிர்பார்த்து வருபவர்கள் இரண்டே ஆண்டுகளில் சலித்துப்போகிறார்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தாய், குறையில்லை. அதை முதலில் அவளிடம் சொல்லாதே. எனக்கு எழுதச் சொல். அந்தத் தவணைக் கோப்பைக் கற்பனைப் பெயர்களிட்டு அனுப்புகிறேன். கோளாறு எங்கே என்று நீயும் வாய்தவறிச் சொல்லிவிடாதே.

உன் பழைய நண்பன்