சென்ட்ரிங் கடை அண்ணன்மார்களே, ஒரு செட் பிளாஸ்டிக் ஷீட் வாங்கிப் போடுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் தளம் ஊற்றும்போது இறுகும்வரை அடியில் தாங்குகிற தகடு) வாடகைக்கு விடும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

நான் உங்களுக்குப் புதியவன் இல்லை. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கத்து வீட்டு வேலைகளில் சூப்பர்வைசராக அலைகிறவன். வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனை எடுக்காத மேஸ்திரிகளுக்காக உங்களிடம் வந்து சமாதானம் பேசியவர்களில் நானும் ஒருத்தன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

போன சித்திரையில் என் அக்கா வீட்டுக்கு மாடித் தளம் போட்டோம். கடை பெயர் வேண்டாம். வந்து இறங்கிய 3 அடிக்கு 2 அடி இரும்பு ஷீட்டில் பாதிக்கு மூலை மடங்கியிருந்தது, சுத்தியால் தட்டித் தட்டி நடுவில் குழி விழுந்திருந்தது, பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இடையில் விரல் நுழையும். வழக்கம்போல அந்தச் சந்துகளில் சிமென்ட் மூட்டைக் காகிதம், பழைய செய்தித்தாள், கொஞ்சம் செம்மண் என்று கையில் கிடைத்ததை வைத்து அடைத்தார்கள். அப்புறம் கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் ஓட ஓட சிமென்ட் பால் கீழே ஒழுகி, தரைத்தளத்தில் நின்ற என் சட்டையெல்லாம் சாம்பல் நிறம். ஷீட்டைப் பிரித்தபோது இரண்டு இடத்தில் ஜல்லி பல்லைக் காட்டியது. ஹால் சீலிங்கில் ஒரு கல்யாண மண்டப விளம்பரம் எழுத்துக்கூட மாறாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "படுத்துக்கிட்டே பேப்பர் படிக்கலாம் போல தம்பி" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு மில்லிமீட்டர் பூச வேண்டிய சீலிங்கில், மட்டம் கொண்டுவர சில மூலைகளில் ஒன்றரை அங்குலம் அப்ப வேண்டியதாயிற்று. சீலிங்கில் அவ்வளவு கனமாகப் பூசினால் அது என்றைக்காவது பெயர்ந்து விழும் என்பது உங்களுக்கே தெரியும்.

இதோடு, ஷீட்டில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்க அந்தப் பழைய இன்ஜின் ஆயில். மெக்கானிக் கடையில் கேனில் பிடித்து வந்து துணியில் நனைத்து ஷீட் மேல் பூசுவது. கம்பி கட்டின பிறகு பூசினால் கம்பியிலும் படும், எண்ணெய் பட்ட கம்பியைக் கான்கிரீட் சரியாகப் பிடிக்காது. சீலிங்கில் கறை இறங்கி, மேலே அடிக்கிற பட்டியும் (வால் புட்டி) பெயிண்டும் உரிந்து வரும்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். பாலிபுரொப்பிலீன் மாதிரியான பிளாஸ்டிக்கில் சிமென்ட் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பெரும்பாலும் எண்ணெயே வேண்டாம், தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். துருப்பிடிக்காது. எடையும் குறைவு. இரும்பு ஷீட்டைச் சும்மாடு வைத்து ஏணியில் ஏற்றுகிற அக்காக்களின் கழுத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். விளிம்பு நேராக இருப்பதால், ஷீட்டோடு ஷீட்டைப் பூட்டினால் பால் ஒழுகுவது பெரிதும் குறையும். நூறு தடவை வரைக்கும் போடலாம் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். நம் ஆட்கள் மாடியிலிருந்து தூக்கி எறிகிற அழகுக்கு அதில் பாதி வந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏஜென்ட் பேச்சு மாதிரி இருக்கும். முதல் குறை நம் வெயில். கண்ணாடி நார் கலக்காத வெறும் பிளாஸ்டிக் சூட்டில் இரும்பைப்போல எட்டு, பத்து மடங்கு நீளும். நாலு அடி ஷீட் காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீண்டுவிடும், அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. சித்திரை மதியத்தில் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நின்றவர்களுக்கு அந்த 30 டிகிரி எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. காலையில் இறுக்கிப் பூட்டியது மதியம் முதுகைத் தூக்கும். அதனால் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும், கான்கிரீட்டை விடியற்காலையில் தொடங்க வேண்டும், உங்கள் குடோனிலும் ஷீட்டை நிழலில் அடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் வளையும். ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலத் தளம் போட்டால் பச்சைக் கான்கிரீட்டும் கம்பியும் மட்டும் ஏறக்குறைய 29 டன். அடியில் விலா எலும்பு மாதிரி வரிவரியாக மேடு வைத்த ஷீட்தான் அதைத் தாங்கும், அதுவும் கம்பெனி சொல்கிற இடைவெளியில் முட்டு கொடுத்தால்தான். இரும்புக்குக் கொடுக்கிற மாதிரி கண்ணளவில் சவுக்குக் கழியை நிறுத்தி, எட்டாத கழிக்குக் கீழே இரண்டு செங்கல்லைச் செருகினால் தளம் தொட்டில் மாதிரி தொங்கும். திருகி உயரத்தைச் சரிசெய்கிற இரும்பு ஜாக்கி முட்டுதான் வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, மேலே வெல்டிங் வைத்துக் கம்பி வெட்டவும் கூடாது. சீலிங் வழவழப்பாக வருவதால், பூச்சு பூசுவதாக இருந்தால் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. ஆனால் அவ்வளவு சுத்தமாக வந்துவிட்டால் பட்டி மட்டும் பார்த்தாலே போதும்.

இன்னொன்று, சில மேஸ்திரிகள் "பிளாஸ்டிக் போட்டா மூணு நாள்ல பிரிச்சிடலாம்" என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஷீட் மாறினால் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடாது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இல் தளத்துக்கு மூன்று நாள் என்று இருப்பது உண்மைதான், ஆனால் அது ஷீட்டை எடுத்தவுடனே தளத்துக்கு அடியில் முட்டுகளைத் திரும்ப நிறுத்துகிறவர்களுக்கு. முட்டுகளையே எடுக்க நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். அதுவும் ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் கணக்கு. இங்கே வீட்டு வேலைக்கு நாம் பெரும்பாலும் வாங்குவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அதற்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

அப்படியென்றால் இதை ஏன் மேஸ்திரிகளிடம் சொல்லாமல் உங்களிடம் கேட்கிறேன்? வீடு கட்டுகிறவர் வாழ்க்கையில் ஒரு தடவை தளம் போடுகிறார், ரொம்பப் போனால் இரண்டு. மேஸ்திரிக்கு வருஷத்துக்குச் சில வேலை. பத்து தடவை போட்டால் இந்த ஷீட் வீண் செலவு, ஐம்பது தடவை போட்டால்தான் போட்ட காசு திரும்பும். ஒரே ஷீட்டை ஐம்பது வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் நம் ஊரில் நீங்கள் மட்டும்தான். தனியாக வாங்க பயமாக இருந்தால் நாலு கடை சேர்ந்து ஆயிரம் சதுர அடிக்கு ஒரு செட் வாங்குங்கள், முறை வைத்து அனுப்புங்கள். ஓரம், படிக்கட்டு, சன்ஷேடுக்கு உங்கள் பழைய இரும்பே இருக்கட்டும். உடைந்த ஷீட்டைப் பாலாற்றங்கரையில் போட்டுக் கொளுத்தாமல் பிளாஸ்டிக் அரைக்கிறவர்களுக்குக் கொடுங்கள், அந்த ஆற்றுக்கு ஏற்கெனவே நாம் செய்தது போதும்.

ஆவணியில் தொரப்பாடி பக்கம் எனக்கு ஒரு தளம் இருக்கிறது, தொள்ளாயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு, அறையெல்லாம் சதுரம். வீட்டுக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன், வாடகை இரும்பைவிடக் கொஞ்சம் கூடினாலும் சரி என்றுவிட்டார். ஆடி முடிவதற்குள் யாராவது ஒருத்தர் சரி என்று சொல்லுங்கள். முட்டு இடைவெளியை டேப் வைத்து நானே அளந்து நிறுத்துகிறேன், பிரித்த அன்றைக்கே கழுவி எண்ணி உங்கள் வண்டியில் ஏற்றுகிற வேலையும் என்னுடையது.