ஏழு நாளும் ஒரே தீவில்

பாரிஸ்
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததில் பெரிய நிம்மதி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் விரல்கள் மரத்துப்போகின்றன, மற்றபடி நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் நாலு பேருமாகக் கரீபியன் கடலோரத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போவது உறுதி. ஆனால் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்துப் பயந்துபோனேன். ஒரே வாரத்தில் குவாதலூப், மார்த்தினிக், தொமினிக்கா, செயின்ட் லூசியா! பாதி நாள் படகுத்துறையிலும் விமான நிலையத்திலுமே போய்விடும். அதிலும் தொமினிக்காவும் செயின்ட் லூசியாவும் தனித்தனி நாடுகள். என் பேச்சைக் கேள், ஏழு நாளும் ஒரே தீவில் இருப்போம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளோடு அங்கே போனோமே, நினைவிருக்கிறதா? சேந்த்-ஆன் கடற்கரையில் ஒரு ஹோட்டல். வெள்ளை மணல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், ஆறு நாள் அங்கேயே கிடந்தோம். ஒரு நாள் மட்டும் லே சேந்த் என்ற குட்டித் தீவுக்குப் படகில் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். காப்ஸ்தேர் என்ற ஊர் வந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சாலையோரம் ஒரு கோயில். வண்ணம் வண்ணமாய்ச் சிலைகள், கோபுரம். இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸை நிறுத்த முடியாது என்றார்கள். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் வாழைத்தோட்டம் மறைத்துவிட்டது. மறுநாள் ஊருக்குக் கிளம்பவேண்டியதாகிவிட்டது. அது ஷான்ஷி கோயில் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த அரை நிமிஷம் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1848ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ஒரேலி என்ற கப்பல் குவாதலூப்பை அடைந்தது. 1889 வரை ஏறக்குறைய 42,000 பேர் இப்படிப் போயிருக்கிறார்கள். பாண்டிச்சேரியிலிருந்தும் நம் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். பள்ளிக்கூடம் விட்டால் அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில்தானே நாம் போய் உட்காருவோம்! நம் கரையிலிருந்து இத்தனை பேர் போனார்கள் என்று ஒரு ஆசிரியர்கூட நமக்குச் சொல்லவில்லையே என்று மனசு கிடந்து தவித்தது.

அண்ணனுக்கு இதைச் சொல். காப்ஸ்தேரில் 1863ல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். அங்கே பிறந்த நம்மவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் வேண்டும் என்று 1904ல் வழக்காடத் தொடங்கினார். 1923ல்தான் தீர்ந்தது. பத்தொன்பது வருஷம்! நான் இந்த ஊரில் ஒரு அட்டையைப் புதுப்பிக்க நாலு முறை அலைந்தாலே சோர்ந்துபோகிறேன். அவர் வாழ்ந்த ஊரில் இரண்டு நாளாவது நிதானமாக நடக்க வேண்டும்.

திட்டம் இதுதான். முதல் நாலு இரவு தீவின் மேற்குக் கரையில், மலாந்தூர் பக்கம். அங்கே மணல் கறுப்பு, எரிமலைத் தீவு அல்லவா? அட்லாண்டிக் பக்கக் கரைகளில் சர்காசோ என்ற கடற்பாசி மலைபோல ஒதுங்கி அழுகுகிறது, கெட்ட முட்டை நாற்றம் அடிக்கும். அந்தத் தொல்லை மேற்கே குறைவு. உனக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் உட்கார்ந்தபடியே பவளமும் மீனும் பார்க்கலாம். நீ கேட்ட நல்ல மணலுக்கு வடக்கே கிராந்த் ஆன்ஸ் கடற்கரைக்கு ஒரு நாள் போவோம். ஒன்று மட்டும் மறக்காதே. மரத்தில் சிவப்பு வளையம் பூசியிருந்தால் அதன் நிழலில்கூட உட்காரக் கூடாது. மான்சினியே என்று பெயர். பழம் குட்டி ஆப்பிள் மாதிரி அழகாக இருக்கும், அவ்வளவும் விஷம். மழை பெய்தால் இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டே தோல் வெந்துபோகும்.

சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். 1976ல் அது சீறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைக் காலி பண்ண வைத்தார்களாம். ஆண்கள் வேண்டுமானால் ஏறட்டும். உன் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் அடிவாரத்து வெந்நீர்த் தொட்டி போதும்.

மீதி மூன்று இரவும் காப்ஸ்தேர். கோயிலுக்கு எத்தனை தடவை தோன்றுகிறதோ அத்தனை தடவை போவோம். மாரியம்மனை அங்கே மாலியெமென் என்கிறார்கள். பேச்சுத் தமிழ் போய்விட்டது, கிரியோல் என்ற தீவு மொழியும் பிரெஞ்சும்தான். ஆனாலும் பூசையில் தமிழ்ப் பாட்டுகளை வாய்வழியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதைக் காது குளிரக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கடைசி நாள் புவாந்த்-ஆ-பித்ர் சந்தை. போன தடவை அங்கே ஒரு கிழவி, நம் மதராஸ் கட்டத் துணியில் தலைக்கட்டு, ஒரு டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள். என் அம்மா மிளகாய் அரைப்பதற்கு முன்னால் அம்மியில் எழும் வாசனை அப்படியே! "கொலொம்போ" என்றாள். குழம்பிலிருந்து வந்த சொல் என்று சொல்கிறார்கள். பொடியில் காரமே இல்லை. மிளகாயை முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுகிறார்கள். உடைந்தால் வாயில் வைக்க முடியாதாம். ஆட்டுக்கறிக் கொலொம்போவை உனக்கு வாங்கித் தராமல் அந்தத் தீவை விட்டு வர மாட்டேன்.

பயணம் மார்ச் நடுவில் இருக்கட்டும். மழை குறைந்த காலம், புயல் பயமும் இல்லை. பிப்ரவரியில் பிரான்சில் பள்ளி விடுமுறை, டிக்கெட் விலை எகிறிவிடும். பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை, ஒன்பது மணி நேரம். அங்கே பஸ்ஸை நம்ப முடியாது, இவர் கார் ஓட்டுவார்.

இப்போது கவனமாகப் படி. குவாதலூப் பிரான்ஸ்தான், யூரோதான், ஆனாலும் ஐரோப்பாவுக்குள் செல்லுபடியாகிற ஷெங்கன் விசா அங்கே செல்லாது. உங்கள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். பாரிசுக்கு ஷெங்கன் விசாவும், குவாதலூப்புக்கு என்று தனி விசாவும் கேட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே, ஓர்லியிலேயே நிறுத்திவிடுவார்கள். அழைப்புக் கடிதம், வீட்டு வாடகைச் சீட்டு எல்லாம் இந்த வாரமே அனுப்புகிறேன்.

அப்புறம், வரும்போது பாரதியார் வீதியில் அம்மனுக்குச் சாத்துகிற சிவப்புப் பாவாடை ஒன்று வாங்கி வா. ஜரிகை கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபுரத்தைத்தான் பார்த்தேன், அம்மனை இன்னும் பார்க்கவில்லை. பெரியதாகவே வாங்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி