முடிச்சு அவிழ்ந்த பின்னும் விடாத ‘அந்த நாள்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய மர்மப் படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் மர்மப் படத்தில் மறுபடி பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பல படங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தையும் அதே வரிசையில் சேர்த்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பேசி வரும் படம் அது என்பதால், இதை எழுதுவது என் கடமை என்றே நினைக்கிறேன்.

படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் தள்ளாடிச் சரிகிறார். 1952-இல் வந்த ‘பராசக்தி’யில் அவருடைய வசனத்துக்காகவே திரண்ட மக்கள், அதே நடிகர், அதே பண்டரிபாய், அதே நிறுவனம் என்று நம்பி வந்து உட்கார்ந்தால், கதாநாயகன் ராஜன் முதல் காட்சியிலேயே பிணமாகிவிடுகிறான். பாட்டு இல்லை, நடனம் இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அதுதான். அதை எடுத்தவரோ, பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று உலகம் கொண்டாடிய இசைக் கலைஞர். இசை தெரிந்தவருக்குத்தான் அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும் என்று எனக்குத் தோன்றும். படம் வெளிவந்தபோது வசூலில் தோற்றது. மத்திய அரசின் நற்சான்றிதழ் பின்னர்தான் கிடைத்தது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படம் பாலசந்தருக்குத் தூண்டுதலாக இருந்தது என்பது பலரும் அறிந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்வது அங்கிருந்து வந்த உத்தி. ஆனால் இங்கே அது ஒரு குடும்பத்துக்குள் இறங்கிவிடுகிறது. மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அடுத்த வீட்டுக்காரர், ரகசியக் காதலி என்று ஒவ்வொருவரையும் ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி அமைதியாக விசாரிக்க, ஒருவர் கை இன்னொருவரைச் சுட்டிக்காட்டுகிறது. செத்துப்போன ராஜனும் ஒவ்வொருவர் வாயிலும் வேறு ஆளாகிறான். திரைக்கதையையும் வசனத்தையும் எழுதியவர் ஜாவர் சீதாராமனே என்பதால், எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதைச் சொல்லாமல் நான் மேலே செல்ல முடியாது. சுட்டது யார் என்பதை மட்டும், இன்னும் பார்க்காதவர்களுக்காக எழுதாமல் விடுகிறேன்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நேரத்தில். அதற்கு முந்தைய ஆண்டே படையெடுப்புக்கு அஞ்சிச் சென்னையைக் காலி செய்தவர்கள் ஏராளம். எங்கள் தாமிரபரணிக் கரை ஊர்களுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரயிலேறி வந்தவர்கள் உண்டு. அந்தத் தலைமுறைக்கு ‘அந்த நாள்’ வெறும் கதையாக இருந்திருக்க முடியாது. என் ஆச்சி அப்படித்தான் அதைப் பார்த்தாள். எதிரிக்கு உளவு சொன்னவன் செத்தான் என்று அவள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால், “அவ்வளவு படிச்ச பிள்ளைய இங்க ஒருத்தரும் மதிக்காம விட்டுட்டாவளே, அதாம்ளா அவன் அப்படிப் போயிட்டான்” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு உடனே, “அதுக்காவ இப்படியா செய்வாங்க?” என்று தனக்குத்தானே மறுப்பும் சொல்வாள். ராஜன் திறமை மிக்க வானொலிப் பொறியாளன். தன் அறிவுக்கு இங்கே மதிப்பில்லை என்ற ஆத்திரத்தில், மதித்தவனிடம் ராணுவ ரகசியங்களை விற்றவன். யார் சுட்டார் என்ற கேள்வி படத்தோடு தீர்ந்துவிட்டது. அவன் ஏன் அப்படி ஆனான் என்ற கேள்விக்கு ஆச்சி கடைசி வரை விடை தேடிக்கொண்டிருந்தாள்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்த காலத்தில், விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் மாணவர்களை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியதுண்டு. கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் நெளிவார்கள். அரை மணி நேரத்துக்குள் பேச்சு நின்றுவிடும். முதல் முறை பார்க்கும்போது அவர்கள் விசாரிப்பவரோடு சேர்ந்து கொலையாளியைத் தேடுவார்கள். மறுபடி போடச் சொல்லிப் பார்க்கும்போது, பதில் சொல்கிறவர் எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்துகிறார், எந்தக் கேள்விக்குச் சற்றுத் தாமதிக்கிறார் என்பதையே கவனிப்பார்கள். முடிவு தெரிந்த பிறகுதான் அந்த முகங்களைப் படிக்கவே முடிகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி இருளிலும் பாதி வெளிச்சத்திலும் நிற்கும் அந்த முகங்களை நான் இன்றும் புதிதாகவே பார்க்கிறேன். பின்னாளில் அந்த மாணவர்களுள் சிலர், வகுப்பில் சண்டை வந்தால்கூட இரண்டு பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று என்னிடமே வாதிட்டார்கள். ஒரு மர்மப் படத்திடம் இதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

பாட்டு இல்லாமலும் தமிழ்ப் படம் எடுக்கலாம் என்ற துணிவுக்கு ‘வீடு’, ‘குருதிப்புனல்’ போன்ற படங்களைப் பிற்காலச் சான்றாகச் சொல்வார்கள். ஒரே நிகழ்ச்சியை இருவர் வாயிலாக இருவிதமாகச் சொல்லும் ‘விருமாண்டி’யையும் சொல்லலாம். அவற்றுக்கெல்லாம் வெகு முன்பே வந்து, நட்டப்பட்டு, நின்று காட்டிய படம் இது.

தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள். நெல்லையில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு மாலையை ஒதுக்கி, இப்படத்தை நல்ல பிரதியில், பெரிய திரையில் காட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். கைப்பேசித் திரையில் துண்டு துண்டாக மட்டும் இதைப் பார்த்திருக்கும் கல்லூரி மாணவர்கள், இருட்டில் நூறு பேரோடு உட்கார்ந்து அந்த முதல் குண்டுச் சத்தத்தைக் கேட்கட்டும். படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேசவும் இடம் கொடுத்தால், ராஜனைப் பற்றிய வழக்கை அவர்களே நடத்திக்கொள்வார்கள். தங்கள் கட்டுரையாளரும் அன்று வந்திருந்து, மறுமுறை பார்த்த பின் தம் கருத்தை எழுத வேண்டும் என்று அன்புடன் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கல்லிடைக்குறிச்சி.