ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நோட்டு: பெற்றோருக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. பிள்ளைகள் நல்லபடியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் கபடி, எறிபந்து இரண்டிலும் பரிசு வாங்கினோம். கல்வி வளர்ச்சி நாள் பேச்சுப் போட்டியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மைக்கைப் பார்த்துப் பயப்படாமல் பேசினார்கள். காலாண்டுத் தேர்வில் தேர்ச்சி திருப்தியாக இருக்கிறது, கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். குடிநீர்த் தொட்டியைக் கழுவித் தந்த பெற்றோர்களுக்கும், தோட்டத்துக்கு வேலி கட்டிக்கொடுத்தவர்களுக்கும் நன்றி.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். இது ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வீட்டுப்பாடம் பற்றியது. மற்ற வகுப்புப் பெற்றோர்களும் தயவுசெய்து படியுங்கள். இன்று ஒன்பதாம் வகுப்பில் நடந்தது நாளை எட்டாம் வகுப்பிலும் நடக்கும்.

சென்ற வாரம் ஆங்கில ஆசிரியை பத்து வாக்கியம் கொடுத்து, மெயின் கிளாஸுக்கு ஒற்றைக் கோடும் சபார்டினேட் கிளாஸுக்கு இரட்டைக் கோடும் போட்டு வரச் சொன்னார். கிளாஸ் என்பது இங்கே வகுப்பு இல்லை. முதன்மை வாக்கியம், துணை வாக்கியம் என்று தமிழம்மா நடத்துகிறாரே, ஏறக்குறைய அதுதான். தனியாக நின்று பொருள் தருவது முதன்மை, தனியாக நிற்காமல் அதைச் சார்ந்திருப்பது துணை. துணை வாக்கியமே இல்லாத வாக்கியங்களும் அந்தப் பத்தில் உண்டு. பிள்ளைகள் யோசிக்க வேண்டும் என்றுதான் அவற்றைச் சேர்த்திருந்தார்.

மறுநாள் நாற்பது நோட்டு வந்தது. நாலைந்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே விடை, தப்பும் ஒரே தப்பு. ஏழாவது வாக்கியம் ‘வென் வில் த பஸ் கம்?’ பஸ் எப்போது வரும் என்ற சாதாரணக் கேள்வி, தனியாக நிற்கிற முழு வாக்கியம். அதன் அடியில் அந்த நோட்டுகள் எல்லாவற்றிலும் இரட்டைக் கோடு, அதுவும் ஸ்கேல் வைத்து அழகாக. வென் என்ற சொல்லைக் கண்டவுடன் யாரோ போட்ட கோடு அது. விசாரித்தபோது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முந்தின நாள் இரவு எட்டரை மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விடைகளின் படம் வந்திருக்கிறது.

அதைப் போட்டவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறீர்கள். பிள்ளை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முழிக்கிறது. நமக்கோ அந்தப் பாடம் தெரியாது, அல்லது படித்து இருபது வருடம் ஆகிவிட்டது. யாரிடமாவது விடை இருந்தால் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம் என்றுதான் தோன்றும். என் பிள்ளைகளை வளர்த்தபோது எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது.

ஆனால் அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாடத்தைத் திரும்ப எழுதி வரும்படி ஆசிரியை சொன்னார். மறுநாள் காலை சில பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து, வராந்தாவில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே ஆசிரியையிடம் குரல் உயர்த்திப் பேசினார்கள். “ரெண்டு மார்க் கேள்விக்கு எதுக்கு இவ்வளவு பாடு?” என்று ஒருவர் கேட்டது என் அறை வரை கேட்டது. இதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளைகள் எதிரில் ஆசிரியரை அதட்டுவது இந்தப் பள்ளியில் இனி ஒரு முறைகூட நடக்கக் கூடாது. குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள், ஆசிரியரையும் உட்காரவைத்துப் பேசுவோம். மாணவர்களின் நடுவில் நின்று பேசுவது யாராக இருந்தாலும் சரி, வெளியே போகச் சொல்வேன்.

அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்விக்கு அதில் 2 மதிப்பெண்தான், உண்மை. ஆனால் அந்த இரண்டுக்காக நாங்கள் இதை நடத்தவில்லை. வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வருகிறது என்று வையுங்கள். ‘அன்லெஸ் யூ பே பிஃபோர் த டென்த், த கனெக்‌ஷன் வில் பி கட்.’ பத்தாம் தேதிக்கு முன்னால் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். எது நடக்கப் போகிறது, எது அதற்கான நிபந்தனை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அத்தனை சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தாலும் அந்தக் காகிதம் புரியாது. மேல்வகுப்பில் ஆங்கில வழியில் அறிவியல் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் இதே சிக்கல்தான். வாக்கியம் நீளமாக இருக்கும், முக்கியமான செய்தி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

நான் தலைமையாசிரியை ஆவதற்கு முன் பல வருடம் ஆங்கிலம் நடத்தியவள். அதனால் மறுநாள் அந்த வகுப்புக்கு நானே போனேன். ஒரு மாணவனைக் கூப்பிட்டு, கரும்பலகையில் ‘பிகாஸ் இட் ரெயின்ட்’ என்று மட்டும் எழுதி, “முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சு மிஸ். பெய்ததுன்னு வெர்ப் வந்திருச்சே.”

அவன் சொன்னது நியாயமான பதில். ‘இட் ரெயின்ட்’ என்பது ஆங்கிலத்தில் முழு வாக்கியம்தானே? அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். “மழை பெய்ததால்...” என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள், “பெய்ததால் என்னடா ஆச்சு?” வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே சாக்பீஸை வாங்கி, தானாகவே அடியில் இரட்டைக் கோடு போட்டான். அந்தக் கோட்டை யாரும் அவனுக்கு அனுப்பி வைக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் ஏன் கஷ்டம் என்பது அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. தமிழில் பெரும்பாலும் துணை வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பார்த்தாலே அது முடியவில்லை என்று தெரிந்துவிடும். பெய்ததால், பெய்தால், பெய்தாலும், பெய்தபோது என்று சொல்லே தொங்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அதற்கு எச்சம் என்று பெயர். முற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் வினைச்சொல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ‘ரெயின்ட்’ எங்கே வந்தாலும் ‘ரெயின்ட்’தான், முன்னால் நிற்கும் பிகாஸ், இஃப், ஆல்தோ, வென் போன்ற சொல்தான் அதைத் துணையாக்குகிறது. போதாததற்கு, துணை வாக்கியம் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். தமிழ்ப் பழக்கத்தில், கடைசியில் இருப்பதுதான் முதன்மை என்று பிள்ளைகள் கோடு போட்டுவிடுகிறார்கள். சிலர் நீளமானதை முதன்மை என்று நினைக்கிறார்கள்.

அதற்காக அந்த இணைப்புச் சொற்களின் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்வதிலும் பயனில்லை. கைடுகளில் இருப்பது அந்தப் பட்டியல்தான், ஏழாவது வாக்கியத்தில் எல்லோரையும் ஏமாற்றியதும் அதுதான். ‘ஆஃப்டர் த ரெயின்’ என்றால் மழைக்குப் பின். அதில் வினையே இல்லை, அது வெறும் சொற்றொடர். ‘ஆஃப்டர் இட் ரெயின்ட்’ என்றால் மழை பெய்த பிறகு. அதுதான் துணை வாக்கியம். ஆஃப்டர் இரண்டிலும் இருக்கிறது. இன்னொரு பக்கம், ‘ஐ நோ யூ ஆர் டயர்ட்’ என்பதில் இணைப்புச் சொல் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே துணை வாக்கியம் உண்டு. தமிழில் சொல்லிப் பாருங்கள்: நீ களைத்திருக்கிறாய் *என்று* எனக்குத் தெரியும். ஆங்கிலம் விழுங்கிவிட்டதைத் தமிழ் எடுத்து வெளியே வைக்கிறது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதில் நீங்கள் உதவ முடியும். பிள்ளை ஒரு பகுதிக்குக் கோடு போட்டால், அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதும் “அப்புறம்?” என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் பெரும்பாலும் அது துணை வாக்கியம். பிள்ளை சில சமயம் “ஏனென்றால் மழை பெய்தது” என்று சொல்லித் தப்பிக்கும். “பெய்ததால்” என்று சொல்ல வையுங்கள். ‘த பாய் ஹூ பிரோக் த ஸ்லேட் இஸ் மை பிரதர்’ என்றால், சிலேட்டை உடைத்த பையன் என் தம்பி. “உடைத்த” என்பதோடு நிறுத்தினால் எந்தப் பையன், என்ன என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்தத் துணை வாக்கியம் நடுவில் புகுந்து முதன்மை வாக்கியத்தை இரண்டாக வெட்டியிருக்கிறது. ஒற்றைக் கோட்டை இரண்டு இடத்தில் போட வேண்டும். இதைச் சரியாகப் போட்டு வரும் பிள்ளையை நானே நேரில் பாராட்டுவேன்.

இந்தச் சோதனை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘ஹியரிங் த பெல்’, அதாவது மணியோசை கேட்டு, என்பதும் தமிழில் தொங்கத்தான் செய்யும். ஆனால் அதற்குத் தனி எழுவாயும் முற்றுவினையும் இல்லாததால் பள்ளி இலக்கணப்படி அது கிளாஸ் ஆகாது. அந்த மாதிரி இடங்களை ஆசிரியை பார்த்துக்கொள்வார். பிள்ளை தப்பாகப் போட்டுக்கொண்டு வரட்டும், பரவாயில்லை. அது எங்கே குழம்பியது என்று அந்தத் தப்பைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். படத்தைப் பார்த்து எழுதிய சரியான விடையிலிருந்து எங்களுக்கு எதுவும் தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு மாற்றம். வாக்கியப் பகுப்புப் பயிற்சியைப் பிள்ளைகள் வகுப்பிலேயே எழுதுவார்கள். வீட்டுக்கு மூன்று வாக்கியம் மட்டும் வரும், அவற்றைப் பென்சிலால் எழுதினால் போதும், தப்புக்கு மதிப்பெண் குறைக்கமாட்டோம். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாட விடைகளைப் போடவேண்டாம். என்ன பாடம், என்றைக்குத் தேர்வு என்று கேட்டுக்கொள்வதற்கு அந்தக் குழு தேவைதான், அதைத் தொடருங்கள். பாடத்தில் சந்தேகம் இருக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டபின் அரை மணி நேரம் ஆசிரியை இருப்பார், நானும் இருப்பேன். திரும்பிப் போகப் பஸ் நேரம் இடித்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மதிய இடைவேளையில் பார்க்கிறோம்.

அன்று வராந்தாவில் பேசியவர்களில் ஒரு அம்மா மாலையில் திரும்பி வந்து ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். படத்தைப் போட்டவரும் தானாகவே அதை நீக்கிவிட்டு எனக்குத் தகவல் சொன்னார். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் எல்லோரும் இந்தப் பள்ளி மேல் வைத்திருக்கும் அக்கறையால்தான் கேள்வி கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அந்த அக்கறை எங்களுக்கு வேண்டும்.

திங்கட்கிழமை நோட்டு வீட்டுக்கு வரும். மூன்று வாக்கியத்தையும் பிள்ளை உங்களிடம் தமிழில் சொன்னதும், அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி, தாத்தா கேட்டிருந்தால் அவர்களின் பெயரைப் பிள்ளையே எழுதி வரட்டும், அதுவும் செல்லும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தலைமையாசிரியை