கதிருக்கு, அந்தச் சின்னத் துண்டு பற்றி

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் உனக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இங்கே குக்கர் விசில், அங்கே உன் வார்டு சத்தம். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

பைக்கில் போய்க் காரில் மோதிய பையன், இடுப்பு நழுவியிருந்தது, கேஷுவாலிட்டியிலேயே இழுத்து உள்ளே போட்டுவிட்டோம், தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணத்தின் பின்சுவரில் சின்னத் துண்டுதான் உடைந்திருக்கிறது, த்ரீடி படத்தில் பார்த்தேன், ஆபரேஷன் தேவைப்படாது என்றாய். அந்தச் "சின்னத் துண்டு" என்னைத் தூங்கவிடவில்லை.

நான் டாக்டர் இல்லை. கத்தி வைக்கலாமா கூடாதா என்று சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் 31 வருஷம் எக்ஸ்ரே ரூமில் நின்றவள். ஒரு படம் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். என்னாலேயே ஒரு படம் ஏமாற்றியிருக்கிறது. அதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

1989. லாரி கிளீனர், 19 வயது இருக்கும். முழங்கால் கேபினில் இடித்து, தொடை எலும்பின் பந்து பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதை உள்ளே போட்டு, படத்துக்கு என்னிடம் அனுப்பினார்கள். கூட யாரும் இல்லை. நான் லுங்கியை விலக்கியதற்கே கூசிப் போனான். நேர்ப்படம் எடுத்தாயிற்று. அப்புறம் சாய்வுப் படம். அடிபட்ட பக்கத்தைத் தூக்கி 45 டிகிரி சாய்க்க வேண்டும். தூக்கியதும் "அக்கா, அக்கா" என்று அலறினான். மணல் மூட்டையை முழுசாக உள்ளே தள்ளாமல், போர்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, பாதியில் நிறுத்திவிட்டேன். 25 டிகிரிதான் இருந்திருக்கும். பாவம் பார்த்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பிலிமில் துண்டு சின்னதாகத் தெரிந்தது. மீதி பந்தின் நிழலில் மறைந்து கிடந்தது. சிடி ஸ்கேன் எங்களிடம் கிடையாது. காலில் எடை கட்டி இழுத்து வைக்கும் டிராக்ஷன் போதும் என்று முடிவானது. ஆறு வாரம் காலை நீட்டிப் படுத்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கக்கூசில் குத்தவைத்த அன்றைக்கு மறுபடி நழுவிவிட்டது. பின்சுவர் தாங்குவதே காலை மடக்கும்போதுதானே? நீட்டிப் படுத்திருப்பவனிடம் அதன் குறை எப்படித் தெரியும்!

அந்தச் சாய்வுப் படங்களை ழூதே படம் என்று நீங்கள் பேர் சொல்லிக் கேட்கிறீர்கள். ழூதே, லெதூர்னெல் என்ற பிரெஞ்சு எலும்பு டாக்டர்கள் இந்தக் கிண்ண முறிவு வகைகளை 1964-ல் எழுதினார்கள். சிடியில் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971-ல்தான். நேர்ப்படம் ஒன்று, சாய்வு இரண்டு, அவற்றில் ஓடும் கோடுகள், அவ்வளவை வைத்துக்கொண்டு கிண்ணத்தைத் தாங்கும் எலும்பை முன்தூண், பின்தூண் என்றும், கிண்ணத்தின் ஓரத்தை முன்சுவர், பின்சுவர் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். அடிபட்ட பக்கம் மேலே இருந்தால் பின்சுவரும் முன்தூணும் விரியும். அடிபட்ட பக்கத்தின் மேலேயே சாய்த்தால் பின்தூணும் முன்சுவரும். இரண்டாவது படத்துக்குத்தான் ஆள் அதிகம் கத்துவான். வலிக்கு ஊசி போட்டுவிட்டு எங்களிடம் அனுப்புங்கள் என்று நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன் தெரியுமா?

இப்போது உங்களுக்கு சிடி இருக்கிறது, சரி. ஆனால் த்ரீடியை மட்டும் பார்த்துவிட்டு நகராதே. உடைப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று புரிய அது நல்லது, நோயாளியின் வீட்டாருக்குக் காட்டவும் நல்லது. ஆனால் கம்ப்யூட்டர் அதை மெழுகிவிடும். விலகாத கீறல் மறைந்துபோகும். சிடி குறுக்காக வெட்டிக் காட்டும் படங்களை ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார். கிண்ணத்தின் ஓரம் உள்ளே அமுங்கியிருக்கிறதா? பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே துண்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா? மூட்டு இடைவெளி மறுபக்கத்தைவிட அகலமாக இருக்கிறதா? துண்டு சிக்கியிருந்தால், சுவர் எவ்வளவு உடைந்தது என்ற பேச்சே அப்புறம்தான்.

பின்சுவரில் எவ்வளவு உடைந்தது என்ற அந்த 20 சதவீதம், 50 சதவீதம் கணக்கு உனக்கே தெரியும். உடைப்பு பெரிதாகத் தெரியும் ஸ்லைஸில், மறுபக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டு அளப்பது. பாதிக்கு மேல் போயிருந்தால் நிற்காது என்பதில் சண்டை இல்லை. 20-க்குக் கீழ் என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அதற்குக் கீழேயும் நழுவியவை உண்டு. எண் ஒன்றை மட்டும் நம்பாதே. சந்தேகம் இருந்தால் மயக்கம் கொடுத்து, மேசையிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் வைத்து, இடுப்பை 90 டிகிரிக்கு மடக்கிக் கொஞ்சம் உள்ளே திருப்பி, முழங்காலிலிருந்து பின்னோக்கி அழுத்திப் பார்ப்பார்கள். நேர்ப்படத்தில் ஒரு முறை, சாய்வில் ஒரு முறை. பந்து அசைந்தால் சுவரைக் கட்டியாக வேண்டும். உங்கள் யூனிட் சாரிடம் இதைக் கேட்க வெட்கப்படாதே. திட்டினால் திட்டட்டும்.

கிண்ணத்தின் கூரையில் விரிசல் எங்கே வருகிறது என்று கோணம் அளக்கிறீர்களே, 45 டிகிரி கணக்கு, அதைப் பின்சுவருக்குப் போட்டுப் பார்க்காதே. அதற்கு அது பொருந்தாது. மற்ற முறிவுகளில் அளந்தாலும் டிராக்ஷனைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தில் அள. இழுத்து வைத்திருக்கும்போது எல்லா இடுப்பும் அழகாகத்தான் இருக்கும்.

அந்தக் கிளீனர் பையனை நாலைந்து வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கால் குட்டையாகி, கம்பு ஊன்றி நடந்தான். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவன்தான் "எக்ஸ்ரே அக்கா!" என்று சிரித்துக்கொண்டு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். பிலிமைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

பார்சலில் முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது. முறுக்கில் பாதியை உங்கள் சிடி ரூமில் நைட் டியூட்டி பார்ப்பவருக்குக் கொடு. நாளைக்கு ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஸ்லைஸ்களை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி.

அம்மா