முகாமைக் கீழ்த்தளத்தில் நடத்துங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவச் சான்று முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நடந்த முகாமுக்கு, பழைய அடையாளப் புத்தகத்தை யூடிஐடி கார்டாக (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) மாற்ற என் தம்பியைக் கூட்டி வந்திருந்தோம். அவனுக்கு 31 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். டாக்டர் உட்கார்ந்திருந்தது மாடியில். படிகள் 22. லிஃப்ட் கிடையாது. வாசலில் இருக்கும் சாய்தளத்தை மறித்து பைக்குகள் நின்றன.

டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, தம்பியை உட்கார வைத்து, நெஞ்சோடு துண்டால் கட்டினோம். முன்னால் நான், பின்னால் அம்மா. அம்மாவுக்கு வயது 63. பயந்தால் தம்பிக்குக் கைகால் விறைத்துக்கொள்ளும். பாதிப் படியில் திரும்பும்போது என் முடியைப் பிடித்தவன் விடவில்லை. அவனால் விட முடியாது. அந்த விறைப்பு அடங்கும்வரை நாற்காலியைச் சுவரோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றோம். இறங்குகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மேலே போய்ச் சொன்னதற்கு உங்கள் ஊழியர் ஒருவர், "அதான் கொண்டு வந்துட்டியள்லா, அப்புறம் என்ன?" என்றார்.

முகாமைக் கீழே நடத்துங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017-இல் விதிகள் வந்தன. அதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களிலும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வழி செய்திருக்க வேண்டும். கெடு முடிந்தது 2022-இல்.

தம்பிக்கு ஆறு வயதானபோது பள்ளியில் சேர்க்கப் போனோம். "மத்த பிள்ளைகள் பயப்படும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி என்று 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. அவனைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே பஸ் ஏறினாள். பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று 1890-லேயே பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு, இன்றைக்கும் ஒரு மேசையைக் கீழே இறக்கிப் போடச் சொல்லி மன்றாட வேண்டியிருக்கிறது. ஊனமுற்றோர் என்று சொல்லக்கூடாது, மாற்றுத்திறனாளி என்று சொல்ல வேண்டும் என்றார்கள். நல்லதுதான், மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் மாடியில் எங்களை "நொண்டி கேஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பிக்குப் பேச்சு வராது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அந்த முகாமைக் கீழ்த்தளத்தில் நடத்துங்கள். உள்ளே இடம் இல்லை என்றால் சைக்கிள் ஷெட் நிழலே போதும். ஒரு மேசை, நான்கு நாற்காலி. சாய்தளத்தில் நிற்கும் பைக்குகளையும் எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்காவது அம்மா அவனைத் தூக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பியைத் தூக்கி வந்த அக்கா